சேற்றுப்புண் களிம்புக்கு அடங்காதபோது: பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகள் பற்றி அறிந்துகொள்ளுங்கள்

கால் விரல் இடுக்கில் தோல் வெண்மையாக ஊறி, உரிந்து, வெடித்து, அரிக்கும் நிலையைச் சேற்றுப்புண் என்கிறோம். வயலில் நடவு செய்வோருக்கும் மழைநீரில் நடப்போருக்கும் மட்டுமே இது வரும் என்று பலர் கருதுகின்றனர். நாள் முழுவதும் ஷூ அணியும் காவலர், தொழிற்சாலைப் பணியாளர், மாணவர், ரப்பர் பூட்ஸ் அணியும் தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கும் இது பரவலாக வருகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்கள் களிம்பு பூசினாலே குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் மறைவதும் திரும்ப வருவதுமாகத் தொடர்கிறது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு உட்கொள்ளும் மாத்திரை தேவைப்படுகிறது.

அந்த மாத்திரை யாருக்குத் தேவை, தொடங்கும் முன் எவற்றை உறுதிசெய்ய வேண்டும், உட்கொள்ளும் நாட்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• களிம்பால் குணமாகாத எல்லாப் புண்ணும் பூஞ்சையால் வந்தவை அல்ல. மாத்திரைக்கு முன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.
• பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றி வாங்கி உட்கொள்ளக் கூடாது.
• கல்லீரல் நோய், இதய நோய், கர்ப்பம் ஆகியவற்றையும், நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.
• அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், சொல்லப்பட்ட நாள்வரை உட்கொள்ள வேண்டும்.

சேற்றுப்புண் எவ்வாறு உண்டாகிறது?

டெர்மட்டோஃபைட் என்னும் பூஞ்சை வகை இதற்கு முதன்மைக் காரணம். உடலில் படர்தாமரையை உண்டாக்குவதும் இதே வகைப் பூஞ்சையே. தோலின் மேலடுக்கு, நகம், முடி ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உணவாகக் கொண்டு இது வளர்கிறது. ஈரமும் வெப்பமும் காற்றோட்டமின்மையும் இதற்கு ஏற்ற சூழல். காலின் நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு இடையிலுள்ள இடுக்கு மிக நெருக்கமானது என்பதால் பெரும்பாலும் அங்கேயே நோய் தொடங்குகிறது.

இது மூன்று விதமாகத் தோன்றும்.

• விரல் இடுக்கு வகை: தோல் ஊறி வெளுத்து, வெடித்து, நாற்றம் வீசும். மிகப் பரவலாகக் காணப்படும் வகை இதுவே.
• தடித்த பாத வகை: உள்ளங்காலும் குதிகாலும் பாதத்தின் ஓரங்களும் வறண்டு, தடித்து, மாவு படிந்ததுபோல் செதில் உதிரும். அரிப்பு குறைவாக இருப்பதால் பலர் இதனைச் சாதாரணப் பித்தவெடிப்பு என்று விட்டுவிடுகின்றனர்.
• கொப்புள வகை: பாதத்தின் நடுப்பகுதியில் அரிப்புடன் நீர்க்கொப்புளங்கள் தோன்றும்.

களிம்பு ஏன் சிலருக்குப் பலனளிப்பதில்லை?

மாத்திரையை நாடும் முன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். காரணம் நீங்காவிட்டால் மாத்திரையால் குணமானாலும் நோய் திரும்பி வரும்.

1. பாதியில் நிறுத்துதல். களிம்பு பூசிய சில நாட்களிலேயே அரிப்பு குறைந்துவிடும். பூஞ்சையோ தோலில் உயிருடன் இருக்கும். க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பை ஏறக்குறைய 4 வாரம் தொடர்ந்து பூச வேண்டும். டெர்பினாஃபின் களிம்புக்கு 1 முதல் 2 வாரம் போதுமானதாக இருக்கலாம். புண்ணைச் சுற்றி 2 செ.மீ. அகலத்திற்கு நல்ல தோலிலும் பூச வேண்டும்.

2. தடித்த தோல். உள்ளங்காலின் தோல் தடித்துவிட்டால் களிம்பு ஆழமாக ஊடுருவாது. தோலை மென்மையாக்கும் யூரியா அல்லது சாலிசிலிக் அமிலக் களிம்பைச் சேர்த்துப் பயன்படுத்த மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

3. நகத்தில் பதுங்கிய பூஞ்சை. கால் நகம் மஞ்சளாகித் தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அங்கும் தொற்று இருக்கக்கூடும். தோல் குணமான பின்னரும் நகத்திலிருந்து பூஞ்சை மீண்டும் தோலுக்குப் பரவும்.

4. ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகியவற்றை ஒன்றாகக் கலந்த களிம்புகள் அரிப்பை ஓரிரு நாளில் அடக்கிவிடும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் பூஞ்சை மேலும் பரவுகிறது. நிறுத்தியதும் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. நோயின் வழக்கமான தோற்றமும் மாறிவிடுவதால் மருத்துவர் அடையாளம் காண்பதும் கடினமாகிறது. களிம்பின் உறையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு உள்ளது என்று பொருள்.

5. மருந்துக்கு அடங்காத பூஞ்சை. கடந்த சில ஆண்டுகளாக இந்தியாவில் டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரைப் பூஞ்சை பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டில் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட இந்தப் பூஞ்சை பெரும்பாலும் இடுப்பு மடிப்பு, தொடை, உடல் ஆகிய இடங்களைத் தாக்குகிறது. உங்களுக்குப் பாதத்துடன் இந்த இடங்களிலும் படர்தாமரை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துத் தேர்வு மாறக்கூடும்.

6. பிற காரணங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், உடல் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள், ஈரம் உலராத காலணி, வீட்டில் சிகிச்சை பெறாத மற்றொருவர் ஆகியவையும் நோய் நீடிக்கக் காரணமாகலாம்.

மாத்திரைக்கு முன்: இது பூஞ்சைதானா?

பாதத்தில் அரிப்பும் செதிலும் தரும் நோய்கள் பல உள்ளன. செருப்பின் ரப்பர், தோல், பசை ஆகியவற்றால் ஏற்படும் ஒவ்வாமை, கரப்பான், சோரியாசிஸ், பாக்டீரியாத் தொற்று ஆகியவை பூஞ்சைத் தொற்றைப் போலவே தோன்றலாம். நெடுநேரம் தண்ணீரில் நிற்பதாலேயே விரல் இடுக்கு ஊறிப் புண்ணாவதும் உண்டு. இவற்றுள் எதற்கும் இந்த மாத்திரை பயன்படாது. பயனில்லாத மருந்தை வாரக்கணக்கில் உட்கொள்வதால் பக்கவிளைவும் செலவும் மட்டுமே மிஞ்சும்.

இதனைக் கண்டறிய எளிய பரிசோதனை உள்ளது. புண்ணின் ஓரத்திலிருந்து தோல் செதில்களைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் இருந்தால் தெரியும். வலி இராது, முடிவு பெரும்பாலும் அன்றே கிடைக்கும். தேவைப்பட்டால் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் மாதிரியை அனுப்புவார்கள். அதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். ஒருமுறை பூஞ்சை தென்படவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று உறுதியாகக் கூற முடியாது. மருத்துவர் மறுபடியும் மாதிரி எடுக்கலாம்.

பரிசோதனைக்குச் செல்லும் முன் களிம்பையோ மஞ்சள், மருதாணி போன்ற பூச்சையோ பூச வேண்டாம். ஏற்கெனவே பூசிவந்தால் அதனைத் தெரிவியுங்கள். பயன்படுத்திய களிம்பின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

யாருக்கு மாத்திரை தேவைப்படும்?

பின்வரும் நிலைகளில் மருத்துவர் மாத்திரையைப் பரிந்துரைக்கக்கூடும்.

• சரியான களிம்பை முறையாகப் பூசியும் குணமாகாதபோது
• உள்ளங்கால் முழுவதும் தடித்துச் செதில் உதிரும் வகையில்
• இரு பாதங்களிலும், அல்லது பாதத்துடன் கையிலும் உடலிலும் பரவியிருக்கும்போது
• நகமும் பாதிக்கப்பட்டிருக்கும்போது
• அடிக்கடி திரும்ப வரும்போது
• எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு

விரல் இடுக்கில் மட்டும் உள்ள புதிய சேற்றுப்புண்ணுக்கு வழக்கமாகக் களிம்பே போதுமானது.

எந்த மருந்துகள் பயன்படுகின்றன?

டெர்பினாஃபின்: பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்னும் பொருள் உருவாவதை இது தடுத்து, பூஞ்சையைக் கொல்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 250 மி.கி. மாத்திரை ஒன்று, பாதத் தொற்றுக்கு 2 வாரம் முதல் 6 வாரம் வரை. கால் நகத் தொற்றுக்கு ஏறக்குறைய 12 வாரம் தேவைப்படும். உணவுடனோ உணவின்றியோ உட்கொள்ளலாம். மருந்து நின்ற பின்னரும் சில வாரங்கள் தோலில் தங்கியிருந்து செயல்படும்.

இட்ராகோனசோல்: இதுவும் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. 100 மி.கி. வீதம் 4 வாரம், அல்லது 200 மி.கி. நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரம் என வெவ்வேறு முறைகளில் கொடுக்கப்படும். வழக்கமான கேப்ஸ்யூலை முழு உணவு உண்ட உடனே விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் மருந்து உடலில் சேரும். தினமும் காலையில் பான்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை உட்கொள்வோருக்கு இம்மருந்து போதிய அளவு சேராமல் போகலாம். மருந்து கேட்கவில்லை என்று வருவோரிடம் மருத்துவர் இதனையும் விசாரிப்பது வழக்கம்.

ஃபுளூகோனசோல்: முதலிரண்டும் பொருந்தாதபோது பயன்படுத்தப்படுவதுண்டு. வாரம் ஒருமுறை 150 மி.கி. வீதம் சில வாரங்கள் கொடுப்பது ஒரு முறை.

கிரிசியோஃபுல்வின்: நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மருந்து. பாதத் தொற்றுக்கு 4 முதல் 8 வாரம் வரை உட்கொள்ள வேண்டும். பாதத் தொற்றில் டெர்பினாஃபின் இதைவிடக் கூடுதல் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

கீட்டோகோனசோல்: இதன் களிம்பும் ஷாம்பூவும் பயன்பாட்டில் உள்ளன. மாத்திரை வடிவம் கடுமையான கல்லீரல் பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், 2013இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அமெரிக்க அமைப்பும் அதற்கு எதிராக எச்சரித்தன. தோல் பூஞ்சைக்காக இம்மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள்.

மேலே கூறிய அளவுகள் உங்கள் புரிதலுக்கு மட்டுமே. உங்களுக்குரிய மருந்து, அளவு, காலம் ஆகியவற்றை மருத்துவரே முடிவு செய்வார்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கல்லீரல்: மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ, மது அருந்தும் பழக்கம் இருந்தாலோ மறைக்காமல் கூறுங்கள். டெர்பினாஃபின் தொடங்கும் முன் கல்லீரல் செயல்பாட்டை அறிய இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம்.

சிறுநீரகம்: சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு டெர்பினாஃபின் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இதயம்: இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், முன்பு இருந்தவர்கள் ஆகியோருக்குத் தோல், நகத் தொற்றுக்காக இட்ராகோனசோல் கொடுக்கக் கூடாது.

கர்ப்பமும் பாலூட்டலும்: சேற்றுப்புண் உயிருக்கு உடனடி ஆபத்து தரும் நோய் அல்ல என்பதால் கர்ப்ப காலத்தில் இம்மாத்திரைகள் தவிர்க்கப்பட்டு, களிம்பே பயன்படுத்தப்படுகிறது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் முதலில் தெரிவியுங்கள். கிரிசியோஃபுல்வின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். அதனை உட்கொள்ளும் ஆண்கள், மருந்து முடிந்து 6 மாதம் வரை குழந்தைப்பேற்றைத் தள்ளிவைக்க வேண்டும்.

பிற மருந்துகள்: கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் உட்கொண்டால் சீட்டையோ மாத்திரை அட்டையையோ காட்டுங்கள்.

• கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின்: இட்ராகோனசோலுடன் சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம்.
• சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு: ஃபுளூகோனசோலுடன் சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடலாம்.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின்: இரத்தக்கசிவு ஏற்படலாம்.
• காசநோய்க்கான ரிஃபாம்பிசின்: டெர்பினாஃபின், இட்ராகோனசோல் ஆகிய இரண்டின் பலனையும் குறைக்கும்.
• மனநலத்திற்கோ நரம்பு வலிக்கோ தரப்படும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்திற்கான மெட்டோபிரோலால்: டெர்பினாஃபின் இவற்றின் அளவை உடலில் உயர்த்தக்கூடும்.

மாத்திரை உட்கொள்ளும் நாட்களில்

முதல் வாரத்தில் அரிப்பு குறையத் தொடங்கும். தோல் முழுமையாகச் சீராவதற்குக் கூடுதல் காலம் ஆகும். மருந்து முடிந்த பின்னரும் முன்னேற்றம் தொடரும். கால் நகம் மெதுவாகவே வளர்வதால், நகத் தொற்றில் புதிய நகம் முழுதும் வளர 12 முதல் 18 மாதம் ஆகலாம். அதுவரை நகம் பழையபடி தோன்றுவதால் மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

வயிற்றுப் பொருமல், குமட்டல், தலைவலி போன்ற சிறு பக்கவிளைவுகள் ஏற்படலாம். டெர்பினாஃபின் உட்கொள்ளும் சிலருக்கு நாவின் சுவையுணர்வு குறைகிறது அல்லது மாறுகிறது. உணவு ருசிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் கூறுங்கள். மருந்தை நிறுத்தியபின் சுவை பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• கண்ணோ தோலோ மஞ்சளாதல், சிறுநீர் கரும்பழுப்பாதல், மலம் வெளுத்தல்
• தொடர்ந்த வாந்தி, பசியின்மை, கடும் சோர்வு, வலப்பக்க மேல்வயிற்றில் வலி
• உடலில் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல்
• மூச்சுத்திணறல், கால் வீக்கம், திடீர் எடைக் கூடுதல்
• முகமோ உதடோ நாக்கோ வீங்குதல்

மூச்சுத்திணறலோ முக வீக்கமோ ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் யானைக்கால் நோயாளிகளும் தாமதிக்கக் கூடாது

விரல் இடுக்கில் உள்ள சிறு வெடிப்பு, பாக்டீரியா உள்ளே நுழையும் வாயிலாகிறது. அதன் வழியே செல்லுலைட்டிஸ் என்னும் ஆழமான தோல் தொற்று உண்டாகிக் கால் சிவந்து, வீங்கி, வலியுடன் காய்ச்சலும் வரலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த வெடிப்பை உணராமலேயே இருப்பார்கள். ஆறாத புண் பெரிதாகிக் காலை இழக்கும் நிலைகூட வரலாம். எனவே இவர்கள் தினமும் இரவில் விரல் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க இயலாதவர்கள் கண்ணாடியையோ குடும்பத்தினரின் உதவியையோ பெறலாம்.

யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களுக்கு அவ்வப்போது வரும் காய்ச்சலும் வலியும் பெரும்பாலும் இத்தகைய விரல் இடுக்குப் புண்களிலிருந்தே தொடங்குகின்றன. ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் வீக்கம் கூடுகிறது. சேற்றுப்புண்ணை ஆற்றிக் காலைத் தூய்மையாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மீண்டும் வராமல் தடுக்க

• குளித்தபின்னும் வயலிலிருந்து திரும்பியபின்னும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பாதம் துடைத்த துணியால் உடலைத் துடைக்க வேண்டாம்.
• பருத்திக் காலுறை அணிந்து தினமும் மாற்றுங்கள். துவைத்தபின் வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.
• இயன்றால் இரண்டு இணை காலணிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். ரப்பர் பூட்ஸைப் பணி முடிந்ததும் கழுவி, கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள்.
• துண்டு, காலுறை, காலணி, நகவெட்டி ஆகியவற்றைப் பிறருடன் பகிராதீர்கள்.
• பொதுக் குளியலறையிலும் விடுதியிலும் செருப்பு அணிந்து செல்லுங்கள்.
• இடுப்பு மடிப்பிலும் தொற்று இருந்தால், உள்ளாடைக்கு முன்பே காலுறையை அணிந்துகொள்ளுங்கள். பாதத்தின் பூஞ்சை ஆடை வழியே மேலே செல்வதை இது தடுக்கும்.
• வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்போ செதிலோ இருந்தால் அவரும் அதே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினருக்குக் குணமான மாத்திரையை நானும் வாங்கி உட்கொள்ளலாமா?
கூடாது. அவருக்குப் பொருந்திய மருந்து உங்கள் கல்லீரலுக்கோ நீங்கள் உட்கொள்ளும் வேறு மாத்திரைக்கோ பொருந்தாமல் போகலாம்.

மாத்திரை உட்கொண்டால் களிம்பு தேவையில்லையா?
பல நேரங்களில் இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பார்கள். மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை களிம்பைத் தொடருங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?
நினைவு வந்ததும் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதனை மட்டும் உட்கொள்ளுங்கள். இரு வேளை மருந்தை ஒன்றாகச் சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.

முழுமையாக உட்கொண்டும் குணமாகவில்லை என்றால்?
மீண்டும் அதே மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். நோயறிதலை மறுபடி சரிபார்க்கவும், மருந்தை மாற்றவும் வேண்டியிருக்கலாம்.

எங்கே சிகிச்சை பெறலாம்?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் உள்ளோர் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். செல்லும்போது பழைய சீட்டுகள், பூசிய களிம்புகள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து உங்களுக்குப் பாதுகாப்பானது என்பதை மருத்துவர் விரைவாக முடிவு செய்ய அவை உதவும்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகிறது. இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.